தானாகத் திரும்பும் தொலைநோக்கி

"கையால தள்ளுறதையே எடு. போனை மாட்டினா, எதைப் பாக்குறோம்னு அதுவே வானத்தைப் பாத்துச் சொல்லிடும்" என்றான், சதர்லாந்தில் தொலைநோக்கிக் கடை வைத்திருக்கும் டியூனிஸ்.

"விக்காததை என் தலையில கட்டாதே. தானாத் திரும்புற மோட்டார் வச்சதைக் குடு. இனி நட்சத்திரம் பாக்க எவன் தயவும் எனக்கு வேண்டாம்" என்றாள் மரீட்டா.

"அதுல முதல்ல நீ..."

"பாடம் எடுக்காதே."

இருட்டியதும் கருவியை முற்றத்தில் வைத்து முடுக்கினாள். 'முதலில் கேனோபஸ் நட்சத்திரத்தைக் காட்டவும். பிறகு மற்றவற்றை நானே கண்டுபிடிப்பேன்' என்றது திரை.

அண்ணாந்து பார்த்தாள். நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு அவனுக்கே போன் போட்டாள்.

"கேனோபஸ் எது?"

"நம்ம கல்யாணத்தன்னைக்குக் காட்டினேனே, அதுதான். மறந்துட்டா, டைவர்ஸ் வாங்கிக் குடுத்த உன் வக்கீலைக் கேளு."