கண்ணை ஆஃப் பண்ணாதீங்க

மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியபோது பிலோமினாவுக்குப் பொருத்தியிருந்த மின்கண் முழுக்கச் சிவப்பானது. ரயில், பயணிகள், விற்பதற்காகக் கையில் வைத்திருந்த சீப்புகள் எல்லாம் மறைந்தன. காதுக்குள் ஒரு குரல் பதறியது.

“மேடம், கண் கம்பெனிலேர்ந்து பேசறோம். உங்க கண்ணுல வைரஸ். ஆஃப் பண்ணாதீங்க. பின் நம்பர் சொல்லுங்க, உடனே சரி பண்ணிடறோம்.”

கண் கூசுகிறது என்று மாதக்கணக்கில் அந்தக் கம்பெனிக்கு போன் போட்டவள் அவள். ஒருவரும் எடுத்ததில்லை.

“கம்பெனிக்காரன் நான் கூப்பிட்டாலே எடுக்க மாட்டான். தானா வர்ற நீ யாருய்யா?”

குரலில் மரியாதை போனது. “ஆஃப் பண்ணினா வாழ்நாள் பூரா இருட்டுதான்.”

மகள் முகத்தை அவள் முதன்முதலில் பார்த்தது இந்தக் கண்ணால்தான். விரல் ஒரு நொடி தயங்கியது. பிறகு காதுக்குப் பின்னாலிருந்த பொத்தானை அழுத்திப் பிடித்தாள். சிவப்பும் போனது, குரலும் போனது.

பக்கத்தில் கர்ச்சீப் விற்றுக்கொண்டிருந்த கணவர் ஆசீரின் தோளைத் தடவிப் பிடித்தாள். அவருக்கு இன்னும் மின்கண் கிடைக்கவில்லை.

“இன்னா பிலோ, பழையபடி தோளைப் புடிக்கிறே?”

“எவனோ திருடன் கண்ணுல பூந்துட்டான். ஆஃப் பண்ணிட்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரில சுத்தம் பண்ணிக் குடுப்பாங்க. ஆஃப் பண்ணினா இருட்டுல தள்ளிடுவேன்னு மிரட்டினான்.”

ஆசீர் சிரித்தார். “யாரை? பொறந்ததுலேர்ந்து இருட்டுலயே பொழைச்ச நம்மளையா?”

“ஆள் தெரியாம வந்துட்டான்” என்றாள் பிலோமினா. சீப்புக் கட்டை உயர்த்தி, விட்ட இடத்திலிருந்து கூவத் தொடங்கினாள்.