போட்டோவில் இருப்பவர்கள்

சதுரங்கப்பட்டினத்து மாலை ஆங்கில வகுப்பில் அன்று உறவுமுறைப் பாடம். சம்சாத் பேகம் மகனின் கல்யாணப் போட்டோவைக் காட்டி, "சன். டாட்டர்" என்றாள்.

"மருமவள்னா டாட்டர்-இன்-லா. நீங்க மதர்-இன்-லா," என்று திருத்தினாள் டீச்சர் ருக்ஸார்.

"நாளைக்கு இவளைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. மாப்பிள்ளையோட அம்மாவுக்கு மலையாளமும் இங்கிலீசும்தான் தெரியும். நான் யாருன்னு கேட்டா இன்னா சொல்றது?" போட்டோவில் இருந்த பெண்ணைத் தொட்டுக் கேட்டாள் சம்சாத்.

"மதர்-இன்-லா. எல்லாம் தெரிஞ்சுதானே வர்றாங்க."

"என் புள்ள ஹுசைன் மவுத்தாயி, அவனை அடக்கம் பண்ணி மூணு வருசமாச்சு. பொண்ணு குடுக்கிறது தாயி. மாமியாரா குடுப்பா? நான் மதர்னுதான் சொல்லுவேன்."

ருக்ஸார் போட்டோவை வாங்கிப் பார்த்தாள். ஹுசைன் பக்கத்தில் மணப்பெண்ணாக ருக்ஸாரே உட்கார்ந்திருந்தாள்.

"சரியாச் சொன்னேனா டீச்சர்?"

இத்தனை வருடம் மாமி என்றே கூப்பிட்டவள் சொன்னாள்: "சரிதான், அம்மா."