கிளாத்திக்குத் தண்டனை

செபு நகரத்து ரொஹேலியோ, தன் கடல்நீர்த் தொட்டியில் வளர்த்துவந்த கிளாத்தி மீனோடு ஒரு புது இறாலையும் விட்டான்.

"கிளாத்திக்கு விருந்தா? சோறும் வடிச்சு உள்ள போடட்டுமா?" என்றாள் அவன் மனைவி லுர்தெஸ். தொட்டி கழுவுவது அவள் வேலை. விரலில் கட்டுப் போட்டிருந்தாள்.

"கிண்டல் பண்ணாத. இது மீன் மேல இருக்கிற அழுக்கைத் தின்னுற இறால். எந்த மீனும் தொடாதாம்."

மறுநாள் காலையில் மீசையும் காலுமாக இறாலின் வெற்று ஓடு மட்டும் மணலில் கிடந்தது.

"ஓட்டைத் தொடவே இல்ல பாரு. மரியாதை தெரிஞ்ச மீன்!" என்றாள்.

ரொஹேலியோ வலையை எடுத்தான். "கொலைகாரப் பயலே! லுர்தெஸ், அடுப்புல கரியைப் போடு."

மத்தியானம், சுட்ட கிளாத்தியைப் புளிப்புக் காடியில் தொட்டு வாய்க்குக் கொண்டுபோன ரொஹேலியோவின் கை அப்படியே நின்றது. பாறை இடுக்கிலிருந்து அதே இறால், பளபளவென்று மீசையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தது.

"ஐயோ, இது உயிரோட இருக்கு!"

"இருக்காதா பின்ன? வளர்ற இறால் பழைய சட்டையை உரிச்சுப் போடும். இறால் பண்ணையில வளர்ந்தவ நான், எனக்குத் தெரியாதா?"

"காலையிலேயே சொல்றதுக்கென்ன?"

லுர்தெஸ் கட்டுப் போட்ட விரலை நீட்டினாள். "தொட்டி கழுவுறப்பெல்லாம் அந்தக் கிளாத்தி என்னைக் கடிச்சுது. நீ ஓடி வந்து, அதோட பல்லு உடைஞ்சிருக்கான்னுதானே பார்த்தே? இன்னும் கொஞ்சம் காடி ஊத்தவா?"