இமைமேல் ஒரு விரல்

பச்சைத் துணிக்கு நடுவே நோயாளியின் மூக்கும் கண்களும் மட்டும் வெளியே தெரிந்தன.

அந்த வலது கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் நர்ஸின் வேலை. வேறொன்றும் இல்லை.

மூக்கினுள் கருவி போகும் இடத்துக்கும் கண்ணுக்கும் நடுவே முட்டை ஓட்டைவிட மெல்லிய ஓர் எலும்பு. கருவி அதைத் தாண்டினால் மூடிய இமைக்குள் விழி துள்ளும். உடனே சொல்ல வேண்டும். மூக்கின் உட்புறத்தைக் காட்டும் திரையை விட்டு டாக்டரால் கண்ணெடுக்க முடியாது.

காலையில் அந்த ஆள் கேட்டதற்கெல்லாம் அவள்தான் பதில் சொன்னாள். வெளியே கீறல், தையல் எதுவும் கிடையாது. இரண்டு நாள் வாயால் மூச்சு விட வேண்டியிருக்கும். இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது.

"மூக்கு எப்படியோ போகட்டும் சிஸ்டர், கண்ணைப் பாத்துக்குங்க. பஸ் ஓட்டுறவன் நான். பின்னாடி அறுபது பேர் என்னை நம்பித் தூங்குவாங்க."

சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. கருவி எலும்பை நெருங்கியது. இரத்தத்தை உறிஞ்சும் குழாயின் சத்தம் மட்டும். உதவி டாக்டர் திரையைப் பார்த்தபடி எச்சில் விழுங்கினார்.

பதினோரு வருடமாக இந்த டாக்டரின் பக்கத்தில் நிற்கிறாள். வேலை நடுவே வாய் திறந்தவர்கள் மறுநாளே வேறு வார்டுக்குப் போனதைப் பார்த்திருக்கிறாள்.

டாக்டரின் கையை ஒரு முறை பார்த்தாள்.

"சார், கண் அசையுது."

கருவி நின்றது. மெல்ல வெளியே வந்தது.

"இங்க எல்லாம் சரியாத்தானேம்மா இருக்கு. நின்னுக்கிட்டே கனவு கண்டியா?"

"அசையுது சார்."

டாக்டர் குனிந்து, மூடிய இமைமேல் ஒரு விரலை வைத்தார். காத்திருந்தார்.

உதவி டாக்டர் தரையைப் பார்த்தார்.

கண் அசையவில்லை. நீரடியில் கிடக்கும் கல்லைப்போலக் கிடந்தது.

திட்டு விழும் என்று நினைத்தாள். டாக்டர் நிமிரவே இல்லை. தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா பாக்குற?"

அவளுக்கு மட்டும் கேட்கும் குரல்.

"ஒரு மாசமா, சார்."

அவர் கையில் இருந்த கருவியை உதவி டாக்டரிடம் நீட்டினார். பிறகு மேசையைச் சுற்றி அவள் பக்கம் வந்தார்.

"கொஞ்சம் நகரும்மா," என்றார். "கண்ணை நான் பாத்துக்கிறேன்."