ட்ரோம்சோவுக்கு இரண்டு நாள்

"இன்னொரு கரண்டி ஊத்துங்க மாமா!"

கப்பலின் மேல்தளத்தில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கப்பல் வடதுருவ வட்டத்தைத் தாண்டிய காலை அது. கடலரசன் வேடம் போட்ட மாலுமி, வட்டம் தாண்டும் சடங்காக, வரிசையில் வந்தவர்களின் சட்டைக் காலரை இழுத்து, பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரை முதுகில் ஊற்றிக்கொண்டிருந்தார். மலை மாதிரி ஆண்களே அலறிய இடத்தில், ஐந்து வயது சிக்னே இரண்டாவது கரண்டி கேட்டாள்.

"போதும்டி. காதுல தண்ணி போயிடப்போகுது!" தோரில் அவளைத் துண்டில் சுருட்டித் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அந்தக் காதால்தான் இந்தக் கப்பல் பயணமே. ஒரு மாதமாக ட்ரோண்ட்ஹைமில் தோரிலின் வீட்டில் இருந்த சிக்னேவுக்குக் காதில் சீழ் வைத்துவிட்டது. விமானம் கூடவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். ட்ரோம்சோ ஆஸ்பத்திரியிலோ, ஏழரை மாத வயிற்றோடு படுத்த படுக்கையாகக் கிடந்த அவள் அம்மா மாரித், பிள்ளையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தினமும் போனில் அழுதாள்.

சிற்றுண்டிக் கூடத்தில் போர்கில்ட் இடம் பிடித்து வைத்திருந்தாள். ஹாமர்ஃபெஸ்ட் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊர்வம்பு என்றால் உயிர். நேற்றுதான் பழக்கம். அதற்குள் மூன்று பேரும் ஒரே மேஜை.

"ஏம்மா, குட்டி உன்னைப் பேர் சொல்லியே கூப்பிடுதே. நீ பெத்த பொண்ணு இல்லையா?"

"இல்லீங்க. இவ அம்மா ட்ரோம்சோவுல ஆஸ்பத்திரியில இருக்கா. வயித்துல ரெண்டாவது."

"அப்ப தங்கச்சி மகளா! அதானே பார்த்தேன். தாடை அப்படியே உன் தாடை. உரிச்சு வச்சிருக்கு!"

தோரில் வாயைத் திறப்பதற்குள், சிக்னே வாஃபிளின் மேலிருந்த ஜாமை மடியெல்லாம் கொட்டிக்கொண்டாள். அதைத் துடைத்து முடிப்பதற்குள் போர்கில்ட் தன் மூன்று மருமகன்களின் குறைகளில் இறங்கிவிட்டாள்.

போடோ துறைமுகத்தை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் மாரித்திடமிருந்து போன் வந்தது.

"தோரில், உடனே ஆபரேஷன் பண்ணணுங்கறாங்க. குழந்தையோட துடிப்பு குறையுதாம். எனக்கு ஏதாவது ஆயிட்டா சிக்னேவை நீதான் பார்த்துக்கணும். ஐவினுக்கு அவ தலையைக்கூடப் பின்னத் தெரியாது."

"உளறாதே. அவனுக்குச் சட்டைப் பொத்தானே ஒழுங்காப் போடத் தெரியாது. அதுக்காகவாவது நீ எழுந்து வரணும், கேட்டுச்சா? மாரித்? மாரித்!"

டவர் போய்விட்டது. இரண்டு பக்கமும் திறந்த கடல். லோஃபோட்டன் மலைகள் வரும்வரை இப்படித்தான் என்றார் மாலுமி. கப்பல் ஆடத் தொடங்கியது. சிக்னே தின்ற வாஃபிளையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு, தோரிலின் மடியில் சுருண்டுகொண்டாள்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"தம்பியோ தங்கச்சியோ இன்னைக்கே வரப்போகுதாம்."

"இவ்வளவு சீக்கிரமா? அவசரக்குடுக்கை!"

தோரில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போர்கில்ட் எழுந்து போனாள். கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து இருவர் மேலும் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மருமகன்களைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

நான்கு மணி நேரம் கழித்து, மலைகள் சுவர் போல எழுந்து நின்றன. போன் தொடர்ந்து ஐந்தாறு முறை 'டிங்' என்றது. தோரில் கண்ணை மூடிக்கொண்டுதான் அதைத் திறந்தாள்.

ஆண் குழந்தை. ஒரு கிலோ எண்ணூறு கிராம். கூடவே ஒரு படம். மாரித் கண்ணைப் பாதி திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கா! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!" தோரில் போர்கில்டைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

சிக்னே படத்தை உற்றுப் பார்த்தாள். "தம்பி ஏன் தக்காளி மாதிரி இருக்கான்?"

அன்று நடுராத்திரியிலும் வெளியே வெயில் அடித்தது; அவள் தூங்கவே மறுத்துவிட்டாள். "சூரியனே தூங்கல, நான் மட்டும் எதுக்கு?" என்று கட்டிலில் குதித்தாள். தோரிலும் அதட்டவில்லை.

மறுநாள் மதியம் ட்ரோம்சோ. துறைமுகத்தில், பரட்டைத் தலையும் நான்கு நாள் தாடியுமாக ஐவின் நின்றிருந்தான். "அப்பா!" என்று சிக்னே பாய்ந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"தோரில், உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே..."

"முதல்ல போய்ச் சவரம் பண்ணு. இந்த மூஞ்சியைப் பார்த்தா பச்சக் குழந்தை பயந்துடும்." தோரில் அவன் சட்டையில் இடம் மாறியிருந்த பொத்தானைச் சுட்டிக் காட்டிவிட்டு, பெட்டிகளைக் காரில் ஏற்றப் போனாள். ஐவினும் மகளை இறக்கிவிட்டுப் பின்னாலேயே போனான்.

வழியனுப்பக் கரைக்கு இறங்கி வந்திருந்த போர்கில்ட், குனிந்து சிக்னேவின் கன்னத்தைக் கிள்ளினாள். "சமத்தா இருக்கணும். உங்க அம்மாவுக்குக் கூடப்பிறந்த அக்கா, எவ்வளவு பாடுபட்டு உன்னைக் கூட்டிட்டு வந்திருக்காங்க பாரு."

"அக்காவா?" சிக்னே விழுந்து விழுந்து சிரித்தாள். "அய்யோ பாட்டி, உங்களுக்கு ஒண்ணுமே தெரியல. எங்கப்பா முதல்ல தோரிலுக்குத்தான் புருஷனா இருந்தாரு. அப்புறம்தான் எங்கம்மாவுக்குக் கிடைச்சாரு!"