நீங்க பாத்தா தோத்துடுவான்

"ரெண்டுக்கு ரெண்டு செட். இதுதான் கடைசி. வெளிய போங்க."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தவள் காதில் ஒயரை அழுத்தி மாட்டிக்கொண்டாள். ஃபோனை மார்போடு சாய்த்துப் பிடித்தபடி, இன்னொரு கையால் கணவனைக் கதவுப் பக்கம் விரட்டினாள்.

"இன்னிக்கு ஃபைனல். ஒரே ஒரு பந்து பாத்துட்டுப் போறேனே."

"போன வருஷமும் ஒரே ஒரு பந்துதான் பாத்தீங்க. மேட்ச் பாயிண்ட்ல வந்து எட்டிப் பாத்து 'காப்பி வேணுமா'ன்னீங்க. அடுத்தடுத்து ரெண்டு டபுள் ஃபால்ட். நீங்க பாத்தாலே அவன் தோத்துடுவான்."

அன்று முழுக்க அவள் கணவனோடு பேசவில்லை. அதிலிருந்து நெட்டையன் ஆடினால், கடைசி செட்டுக்கு இவன் சமையலறைக்குப் போய்விட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். நெட்டையன் என்பது அவள் வைத்த பெயர். வயது ஏறிப்போய், முழங்காலில் பட்டையோடு ஆடுகிற, யாரும் நம்பாத டென்னிஸ் ஆட்டக்காரன்.

ஃபோனில் ஸ்கோர் பார்ப்பதற்கும், பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டுவதற்கும்கூட அவனுக்குத் தடை. முடிவை அவள் வாயால்தான் கேட்க வேண்டும்.

நர்ஸ் தள்ளுவண்டியோடு உள்ளே வந்தாள். வழக்கமாக வருகிறவள் இல்லை, புதியவள்.

"குடுத்து வெச்சவங்க சிஸ்டர் நீங்கல்லாம். வேலையோட வேலையா கடைசி செட் பாத்துடறீங்க. என்னைத்தான் உள்ள விட மாட்டேங்கறா."

புதியவள் முகக்கவசத்துக்கு மேலே விழித்தாள்.

"அரட்டை அப்புறம். கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றாள் அவன் மனைவி, அவசரமாக.

அவன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தான். நேற்று இதே பெஞ்சருகே நின்றுதான் டாக்டர் பேசினார். ஆபரேஷன் செய்த இடம் ஆறவே இல்லை, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், அவர்களுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள் என்றார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் இவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளிடம் அவன் எதுவும் சொல்லவில்லை. அந்த அறையில் மேலே ஏறிக்கொண்டிருந்தது நெட்டையன் ஒருவன்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டம், ஒருநாள் விட்டு ஒருநாள் வெற்றி. ஜெயித்த சாயங்காலங்களில் அவள் துவண்டு கிடப்பாள். ஆனாலும் சிரிப்பாள், இரண்டு ஸ்பூன் கஞ்சி இறங்கும். நெட்டையன் களத்தில் நிற்கிறவரை இவளும் நிற்பாள் என்று எப்போது நம்பத் தொடங்கினான் என்பது அவனுக்கே தெரியாது.

இன்று தோற்றால்? முன்பின் தெரியாத ஒருவனின் முழங்காலுக்காக அவன் வேண்டிக்கொண்டான்.

"என்ன தம்பி, இன்னிக்கும் வெளிய துரத்திட்டாங்களா?" பக்கத்து அறையில் காலுடைந்து கிடக்கும் அண்ணனுக்குத் துணையிருக்கும் லாரி டிரைவர் வந்து உட்கார்ந்தார்.

"டென்னிஸ் ஃபைனல் அண்ணே. கடைசி செட்."

"அடேங்கப்பா. யாரு ஆடறாங்க?"

நெட்டையனின் நிஜப் பெயரைச் சொன்னான்.

"அவரா? டீக்கடை டிவியில பாத்தேனே. அவரு எப்படித் தம்பி இன்னிக்கு ஃபைனல்ல..." டிரைவர் ஃபோனை எடுத்துத் தடவினார்.

"ஐயையோ, ஒண்ணும் சொல்லாதீங்க! அவ மேல சத்தியம் பண்ணியிருக்கேன்."

டிரைவர் ஃபோனைப் பார்த்தார். மூடிய கதவைப் பார்த்தார். ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"டீ சாப்பிடறீங்களா?" என்றார்.

உள்ளேயிருந்து "ஐயோ!" என்று ஒரு கத்தல்.

"சர்வீஸ் போச்சு" என்றான் அவன்.

"எப்படிச் சொல்றீங்க?"

"பழகிடுச்சு அண்ணே. நீளமா கத்தினா டபுள் ஃபால்ட். பல்லைக் கடிச்சுக்கிட்டு 'ஸ்ஸ்'னா பந்து நெட்ல விழுந்துடுச்சு. சத்தமே இல்லைன்னா டியூஸ், ரெண்டு பேரும் சமம்."

மறுபடியும் ஒரு கத்தல். இது நீளம். அவன் கண்ணை மூடிக்கொண்டான். டிரைவர் வாங்கிவந்த டீ இருவர் கையிலும் ஆறியது.

முதல் ஆட்டங்களில் கடைசி செட் சீக்கிரம் முடிந்துவிடும். சுற்று ஏற ஏற நீண்டுகொண்டே போனது. எதிரில் நிற்கிறவனும் சாமானியப்பட்டவன் இல்லையே. இன்று முடிகிற வழியாகவே தெரியவில்லை.

பிறகு சத்தமே இல்லை. அவன் எழுந்து போய்க் கதவில் உள்ளங்கையை வைத்து நின்றான்.

"ஏங்க!" அவள் குரல் கம்மியிருந்தது. "ஜெயிச்சுட்டான்! கப்பைத் தூக்கிட்டாங்க நம்ம நெட்டையன்!"

டாக்டர் பேசிவிட்டுப் போனதிலிருந்து இறுகிக் கிடந்த முகம் சிரிப்பில் உடைந்தது. ஓடிவந்து டிரைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"ஜெயிச்சுட்டான் அண்ணே! முழங்காலே இல்லாதவன் ஜெயிச்சுட்டான்!"

"சந்தோஷம் தம்பி" என்றார் டிரைவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

கதவு திறந்தது. புதிய நர்ஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நெற்றி முழுக்க வேர்வை. அவன் வழிமறித்து நின்றான்.

"கடைசி பாயிண்ட் எப்படி சிஸ்டர்? ஏஸா? நீங்களாவது சொல்லுங்களேன்."

அவள் முகக்கவசத்தை இறக்கினாள்.

"புண்ணைப் பிரிச்சுக் கழுவும்போது யாரு சார் மேட்ச் பாப்பாங்க?"