சர்க்கார் நலம்விரும்பி

சேஷன் வீட்டு மாடியில் ரகசியமாக ஒரு குடித்தனம் இருக்கிறது என்று வரி ஆபீசுக்கு யாரோ மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள்.

ஜனக்புரி மெட்ரோவிலிருந்து ரிக்‌ஷா தூரத்தில் இருக்கும் அந்தக் காலனி முழுக்க இதே பேச்சு. மாடி அறையில், அதாவது பர்சாத்தியில், ஆள் வைத்து வாடகை வாங்கினால் சொத்து வரி இரட்டிப்பு. மறைத்தால் அபராதம் வேறு. மத்திய சர்க்காரில் முப்பத்தாறு வருஷம் ஃபைல் நகர்த்தி ஓய்வு பெற்றவர் சேஷன். வரி கட்ட ஒரு நாள் பிந்தாத மனுஷர். அவருக்கா இந்தக் கதி?

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சோதனை என்று நோட்டீஸ் வந்தது. கூடவே கடிதத்தின் நகல். கோழி கிளறின மாதிரி இந்தி எழுத்து. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில், 'சர்க்கார் நலம்விரும்பி.'

"ஏன்னா, இது எதிர்வீட்டு நரேன் வேலைதான்," என்றாள் அவர் மனைவி ருக்கு. "கார் நிறுத்தற சண்டையில அவனை என்னமா திட்டினேள்! மனசுல வெச்சுண்டு பழி வாங்கறான்."

"சேச்சே, யாரையும் சந்தேகப்படாதே. பாவம்."

ருக்குவுக்குத் திக்கென்றது. பால் பாக்கெட் கொஞ்சம் கசிந்தால் பால்காரனின் பரம்பரையையே சந்தேகப்படுகிறவர் இவர். இன்றைக்கு என்ன இவ்வளவு பெருந்தன்மை?

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் சேஷன் பரபரவென்று வேலையில் இறங்கினார். மொட்டை மாடிக் கொடியில் காய்ந்த துணிகளை அள்ளினார். பர்சாத்திக்குப் புதுப் பூட்டுப் போட்டார். பிறகு வாசலுக்கு வந்தார்.

வாசலில் சாக்கடை மூடி உடைந்து எட்டு மாதமாகிறது. பார்க்க ஒழுங்காகத்தான் தெரியும், கால் வைத்தால் கவிழும். அதைப் பற்றி சேஷன் எழுதிய மனுக்கள் மட்டும் பதினொன்று. ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. போன மாதம் ருக்கு அதில் கால் விட்டு, கணுக்கால் பிசகி, இன்னும் நொண்டுகிறாள். வேறு யாரும் விழ வேண்டாம் என்று அவளே ஒரு வேப்பங்கிளையைச் செருகிச் சிவப்புத் துணியும் கட்டி வைத்திருந்தாள். எதிரே கம்பத்தில் விளக்கு எரிந்து ஒரு வருஷம் ஆகிறது. அது தனிக் கதை.

சேஷன் அந்தக் கிளையைப் பிடுங்கிக் கொல்லையில் கொண்டு போய்ப் போட்டார்.

"ஆபீசர் வரச்சே அசிங்கமா இருக்கு," என்றார்.

அதன் பிறகு கேட்டை விட்டு அவர் நகரவே இல்லை. கையில் பேப்பர், அதுவும் தலைகீழாக. காலிஃப்ளவர் வண்டிக்காரன் பக்கத்தில் வந்தால், "பையா, உதர் ஸே! உதர் ஸே!" என்று எதிர்ச்சாரிக்கு விரட்டினார். பெருக்க வந்த அம்மாளையும் அப்படியே. எதிர் பால்கனியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த நரேன் இதையெல்லாம் பார்த்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

பத்தே காலுக்கு ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் குலாட்டி இறங்கினார். சேஷன் கேட்டின் ஒரு பக்கத்தை மட்டும் திறந்து, "ஆயியே, ஆயியே," என்று கும்பிட்டார்.

குலாட்டி மிடுக்காக இரண்டு அடி எடுத்து வைத்தார். மூன்றாவது அடியைக் காணோம்.

"ஹாய் ராம்!"

முழங்கால் வரை சாக்கடை. நரேன்தான் ஓடி வந்து தூக்கினான். தூக்கும்போதே, "மாமா, சத்தியமா நான் எழுதல," என்று சேஷன் காதில் கிசுகிசுத்தான்.

குலாட்டிக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நாற்றமடிக்கும் காலோடு மாடிக்குத் தடதடவென்று ஏறினார். "பூட்டைத் திற!" என்று இந்தியில் கத்தினார்.

சேஷன் சாவியை இடுப்பில் தேடினார். சட்டைப் பையில் தேடினார். பூஜை அலமாரி வரைக்கும் போய்த் தேடிவிட்டு வந்தார். ருக்கு திருப்பதிக்கு நேர்ந்துகொண்டாள். ஒருவழியாகக் கதவு திறந்தது.

உள்ளே ஓர் ஓட்டை ஹார்மோனியம். முப்பத்தொரு வருஷத்து வரி ரசீதுகள், வருஷவாரியாகச் சிவப்பு நாடாவில் கட்டி. குடியிருந்தவை இரண்டு புறாக்கள். அவை வாடகை தருவதாகத் தெரியவில்லை.

குலாட்டிக்கு முகம் செத்துவிட்டது. "உங்கள் விரோதி எவனோ என்னை முட்டாளாக்கிவிட்டான்," என்றார். அந்த ஆத்திரத்தையெல்லாம் போனில் சாக்கடை இலாகாவிடம் காட்டினார். "ஜல்தி! சாயங்காலத்துக்குள் இந்த மூடி மாறியாக வேண்டும். என் கால்!"

நாலு மணிக்கு லாரி வந்தது. ஐந்தரைக்குப் புது மூடி. பதினொரு மனு சாதிக்காததை ஓர் ஆபீசரின் பேண்ட் சாதித்துவிட்டது.

ருக்கு புது மூடியின் மேல் நொண்டி நொண்டி இரண்டு தரம் நடந்து பார்த்தாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

"எழுதின கடங்காரன் நன்னா இருக்கட்டும்," என்றாள். "இதே மாதிரி எதிர்த்தாப்பல அந்த லைட்டும் எரிஞ்சுட்டா, சாயங்காலம் கோவிலுக்குப் பயமில்லாம போயிட்டு வருவேன்."

"அச்சா," என்றார் சேஷன்.

உள்ளே போனார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். பேனாவை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கோழி கிளறின மாதிரி இந்தியில் எழுத ஆரம்பித்தார்:

'ஐயா, பகலில் வந்து ஏமாந்துவிட்டீர்கள். குடித்தனக்காரன் இரவு எட்டு மணிக்குத்தான் வருவான். ஜீப் சத்தம் கேட்டால் ஓடிவிடுவான், ஆகவே நடந்தே வரவும். டார்ச் வேண்டாம், தெரு விளக்கு பிரமாதமாக எரிகிறது.'